அழகம்மாள் காக்காயிடம் பேசியது

மண்ணச்சநல்லூர் வடக்குத் தெருவில் அழகம்மாளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காது. அவள் குடத்தோடு வந்தால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும். ரைஸ்மில் களத்தில் அவளோடு நெல் கிளறுகிற பெண்கள் வெற்றிலை போடும் நேரத்தில் மறுகோடிக்குப் போய் உட்காருவார்கள். வண்டிக்காரர்கள்கூட அவள் பக்கமாக மாட்டைத் திருப்ப மாட்டார்கள். திருப்பினால் மாட்டுக்கும் திட்டு விழும், மாட்டைப் பெற்ற பசுவுக்கும் விழும்.

அவளுக்கும் ஊரைப் பிடிக்காது. அதை மறைக்கிற பழக்கமும் கிடையாது.

பிறந்தது திருவெள்ளறை. அப்பன் கூலிக்காரன். அம்மா செத்தபோது தம்பி வீரமலை தவழ்ந்துகொண்டிருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்ந்தவள் அழகம்மாள். மண்ணச்சநல்லூர் மில்லில் வேலை பார்த்த மருதைக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்கு வந்தாள். மருதை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

மருதைக்கு உமிக்கிடங்கில் வேலை. மெஷினிலிருந்து உமி வந்து கொட்டும் அறை அது. உள்ளே போகிறவன் திரும்பி வரும்போது கண் இமைகூடத் தூசியில் வெளுத்திருக்கும். சில வருஷத்தில் அவனுக்கு இருமல் பிடித்தது. கம்பவுண்டர் சிவப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். மில் கணக்குப்பிள்ளை தங்கையன், “தூசிதானே, மோர் குடி, போயிடும்” என்றார். அதே மாதம் முதலாளி மகன் இரண்டு நாள் இருமினான். அவனைக் காரில் திருச்சிக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை என்று மில் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். மருதையும் அந்தப் பொங்கலை வாங்கித் தின்றான். அடுத்த தை மாதம் செத்துப்போனான். என்ன நோய் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால்தானே சொல்வார்கள்.

அதன் பிறகுதான் அவள் வாய் இப்படி ஆனது என்று சிலர் சொல்வார்கள். முன்பும் அப்படித்தான் இருந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

வீரமலை அதே மில்லில் மூட்டை தூக்கப் போனான். ஜீயபுரத்திலிருந்து மயிலம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். முதலில் இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். மயிலம்மாள் “அண்ணி, அண்ணி” என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அவள் முழுகாமல் இருந்தபோது வளைகாப்பு வைத்தார்கள். அழகம்மாள் தன் கையால் அரைத்த சந்தனத்தோடு முன்னால் வந்தாள். மயிலம்மாளின் சித்தி நடுவில் கையை நீட்டி, “நீ பின்னால நில்லும்மா” என்றாள். கூடம் நிறைய ஜனம். மயிலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

அழகம்மாள் சந்தனக் கிண்ணத்தை முற்றத்தில் கவிழ்த்தாள். “நீங்களே பெத்துக்கங்க, நீங்களே வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

குழந்தை செத்துப் பிறந்தது. மறுபடி உண்டாகவில்லை.

அதோடு பேச்சு அறுந்தது. வீட்டுக்கு நடுவே மண்சுவர் ஏறியது. ஆனால் ஒரே கிணறு, ஒரே மில், ஒரே சுவரின் இரண்டு பக்கம் என்று வாழ்கிறவர்கள் அடியோடு பேசாமல் இருக்க முடியுமா? ஜாடையாகப் பேசிக்கொண்டார்கள். மயிலம்மாள் தன் ஆட்டைப் பார்த்து, “வெளங்காத மூஞ்சியில முழிச்சிட்டு மேயப் போற, எங்க வயிறு நெறையும்?” என்பாள். அழகம்மாள் தன் கோழியைப் பார்த்து, “உனக்கென்னடி, ராணி. நீ இட்டதெல்லாம் கூமுட்டை, ஆனா கொக்கரிப்புக்குக் கொறைச்சல் இல்ல” என்பாள். ஆட்டுக்கும் கோழிக்கும் நடந்த அந்தச் சண்டையைத் தெரு முழுக்க ரசித்தது.

அறுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்க ஆரம்பித்தது. மயிலம்மாளுக்கும் அப்போது உமிக்கிடங்கில்தான் வேலை, கூட்டி அள்ளுவது. முதலில் அழகம்மாள், “கோழி, உனக்குத் தொண்டையில என்னடி?” என்று கேலி செய்தாள். வைகாசியிலும் இருமல் நிற்கவில்லை. சளி வராத வறட்டு இருமல், ஒருக்களித்துப் படுத்தால் கூடியது. ஆனியில் அழகம்மாள் கேலியை நிறுத்திவிட்டாள். அந்தச் சத்தத்தை அவள் முன்பே ஒரு முறை, ஒரே பாயில் படுத்துக் கேட்டிருக்கிறாள்.

அவளுக்கு மயிலம்மாள் மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தம்பி முகத்தைப் பார்த்தாள். மருதையைத் தூக்கிக்கொண்டு போன அன்று தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவனுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

ஆடி மாதம், பெருக்கு முடிந்த மறுவாரம், நெஞ்சுப் படம் எடுக்கும் வண்டி மில் வாசலுக்கு வந்து நின்றது. பஸ் மாதிரி நீளமான சர்க்கார் வண்டி. உள்ளே மெஷின். அதோடு ஸ்ரீரங்கத்து இளம் டாக்டர் சடகோபனும், பொன்மலையிலிருந்து நர்ஸ் பேட்ரிசியாவும் வந்திருந்தார்கள். தங்கையன் ஆண்களை வரிசையில் நிறுத்தினார். மூட்டைக்காரர்கள், மெஷின்காரர்கள், பாய்லர்காரர்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டே பார்த்தார்கள்.

அழகம்மாள் மரப்பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

“பொம்பளைங்களுக்கு எப்ப?”

“உங்களுக்கெல்லாம் கிடையாது” என்றார் தங்கையன். “நிரந்தர ஆளுங்களுக்குத்தான். நீங்க தினக்கூலி. இன்னிக்கு வருவீங்க, நாளைக்கு நடவுக்குப் போயிடுவீங்க.”

“தூசி நிரந்தரமா, தினக்கூலியா?”

“ஏ அழகு, வாய மூடிக்கிட்டுப் போய் நெல்லைக் கிளறு.”

“உமிக்கிடங்குல ஒரு ஆம்பளை உண்டா இப்ப? எல்லாம் பொம்பளை. மூட்டை தூக்குறவனுக்கு முதுகுல நோவு, அவனுக்கு நெஞ்சுல படம். தூசி தின்னுறவளுக்கு மோரா? இந்த மோரை எங்க வீட்டு ஆம்பளைக்கும் சொன்னீங்க. அவன் குடிச்சிட்டுத்தான் செத்தான்.”

குரல் வண்டிக்குள் கேட்டது. டாக்டர் இறங்கி வந்து விஷயம் கேட்டார். “பொம்மனாட்டிகளும் வேலை செய்யறான்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே” என்று தங்கையனைப் பார்த்தார். பிறகு, “சரி, அவாளையும் எடுத்துடலாம். ஆனா கழுத்துல எந்த உலோகமும் இருக்கப்படாது. படத்துல வெள்ளையா விழுந்து நெஞ்சை மறைச்சுடும்” என்றார்.

தங்கையன் இதற்குத்தான் காத்திருந்த மாதிரி சிரித்தார். “தாலிய எப்படிங்க கழட்டுவாங்க? எங்க பொம்பளைங்க உசிரைக் கேட்டாலும் குடுப்பாங்க, அது மட்டும் நடக்காது. ஊர்ல வெட்டுக்குத்து ஆயிடும்.”

யாரையும் கேட்காமலே அவர் எல்லாருக்குமாகப் பதில் சொன்னார். டாக்டரின் முகமும் மாறியது. “நியாயம்தான். திருமாங்கல்யத்தைக் கழட்டுங்கோன்னு என் வாயால சொல்ல மாட்டேன். எங்காத்துல கேட்டா உள்ளயே சேர்க்க மாட்டா. சரி, தாலி இல்லாதவா மட்டும் வரட்டும்.”

ஆகக்கடைசியில் தாலி அறுத்தவர்களுக்கு மட்டும் அனுமதி. அந்த மில்லில் அப்படி மூன்று பேர். முதல் ஆளாக அழகம்மாள் ஏறினாள். பேட்ரிசியா அவளை ஒரு பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொல்லி, “மூச்சை இழுங்க, புடிங்க” என்றாள். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா.”

“இதுக்கா என் வீட்டுக்காரனுக்கு வழியில்லாமப் போச்சு?” என்றாள். பேட்ரிசியா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இறங்கி வந்தபோது மயிலம்மாள் களத்தோரம் முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். இவளும் படம் எடுத்தாக வேண்டும். நேராகச் சொல்ல முடியாது. சொன்னால் கேட்கவும் மாட்டாள். களத்தில் ஒரு காக்காய் நெல் பொறுக்கிக்கொண்டிருந்தது. அழகம்மாள் ஜாடைக்கு அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ காக்கா, கழுத்துல கெடக்கிறதைச் சித்த நேரம் கழட்டி வச்சிட்டு உள்ள போய்ட்டு வாயேன். கூடு கட்டணும்னா நெஞ்சு வேணும்.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்கே உறைத்தது. களம் முழுக்கக் கால்கள் நின்றுவிட்டன.

“கேட்டீங்களா?” என்று மயிலம்மாள் அலறினாள். “தாலியக் கழட்டச் சொல்றா! அன்னிக்கு வாய் வச்சா, என் புள்ளை போச்சு. இன்னிக்கு என் புருஷன் மேல வாய் வைக்கிறா. தன் கழுத்து வெறுங்கழுத்தாப் போச்சுன்னு ஊர்க் கழுத்தெல்லாம் வெறுங்கழுத்தாகணும்னு நிக்கிறா!” குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி அழகம்மாள் இருந்த திசையில் தூற்றினாள். தூற்றிய கையோடு இருமல் வந்து மடங்கி உட்கார்ந்தாள்.

பெண்கள் கூடிக்கொண்டார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். வீரமலை சட்டையைத் தோளில் போட்டபடி ஓடி வந்தான்.

“அக்கா, நீ மனுஷிதானா?”

தம்பியிடமிருந்து அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. ஒரு கணம் வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. போனால் வண்டியும் சாயங்காலம் போய்விடும். காக்காய் பறந்து மதில்மேல் உட்கார்ந்திருந்தது. அதை நிமிர்ந்து பார்த்து இன்னும் பலமாகக் கத்தினாள்.

“ஏ காக்கா! போன வாரம் பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் போனியே, படியில உக்காந்து என்னடி பண்ணின? புதுக்கயித்துல மஞ்சத்துண்டைக் கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டு, பழசைக் கழட்டி மடியில வச்சு, தங்கத்தை வெளக்கி வெளக்கிப் பாக்கலை? அப்ப எவ புருஷன் செத்தான்? என் தம்பி செத்தானா? பக்கத்துல நின்னு முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தான்! ஆத்துல கழட்டினா புண்ணியம், மில்லுல கழட்டினா சாவா? மஞ்சத்துண்டு தாலி இல்லையா? அதுல என்ன இரும்பா இருக்கு?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாய்லர்காரர் பெண்டாட்டி அம்மாசிதான். “நெசந்தானே! எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு மண்டபத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு” என்றாள். இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மயிலம்மாள் மூச்சு வாங்க எழுந்தாள். அவளும் மதிலைத்தான் பார்த்தாள்.

“காக்காவுக்கு ஆத்தங்கரை மொறையெல்லாம் தெரியுதாம். இத்தன வருஷமா மேல் படியில நின்னு எட்டிப் பாத்ததுதானே.” அழகம்மாளுக்கு அது சுருக்கென்று ஏறியது. மயிலம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, கடைக்குப் போய் மஞ்சளும் நூலும் வாங்கிட்டு வாங்க. எவளோ சொன்னான்னு இல்ல. எனக்கே தோணுச்சு.”

வீரமலை ஓடிப்போய் வாங்கி வந்தான். நூலில் மஞ்சளைத் தேய்த்து, துண்டைக் கட்டி, மில் வாசலில் எல்லார் முன்னாலும் பெண்டாட்டி கழுத்தில் முடிச்சுப் போட்டான்.

“வீரமலைக்கு ரெண்டாங் கல்யாணம்டோய்!” என்று ஆண்கள் வரிசையில் ஒருவன் கத்தினான்.

“பொண்ணு அதேதானா?”

“மாத்திக் குடுக்க மாட்டாங்களாம்!”

“மூணாவது முடிச்சை இறுக்கிப் போடுடா, ஓடிடப் போவுது!”

மயிலம்மாள் தங்கத் தாலியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

தங்கையன் டாக்டரிடம் போய், “இதெல்லாம் சரியில்லைங்க, வேலை கெடுது” என்றார். டாக்டர் அந்த மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கம்மாவும் பெருக்கன்னிக்கு இப்படித்தானே செய்வா. எனக்கு ஏன் தோணலை?” என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு தங்கையனிடம், “எல்லாரையும் எடுக்கறோம். நீர் கொஞ்சம் தள்ளி நில்லும்” என்றார். சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் மஞ்சள் தீர்ந்துபோனது.

மறு வருஷம் வண்டி வேறு ஊர்களுக்குப் போனபோது பேட்ரிசியா ஒரு பிஸ்கட் டப்பாவில் மஞ்சளும் நூலும் எடுத்துப் போனதாகச் சொல்வார்கள். அது மற்ற ஊர்ப் பெண்களின் கதை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்ரிசியாவே பஸ் ஏறி மயிலம்மாள் வீட்டுக்கு வந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் அழகம்மாள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, பேட்ரிசியா சொல்வதற்குக் காது கொடுத்தாள்.

“காசம் மாதிரி தெரியலை. வலப்பக்கம் ஒரு நிழல், கொட்டைப்பாக்கு அளவு. டாக்டர் கட்டியா இருக்குமோன்னு பயப்படுறார். திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து பெரிய படம் எடுக்கணும். இப்பவே வந்தா ஏதாவது செய்யலாம். தள்ளிப் போடாதீங்க.”

“பக்கத்து வீட்டுக்காரிக்கு?” என்று கேட்டாள் மயிலம்மாள்.

“அவங்களுக்கு ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு.”

“அவளுக்கு ஏன் வரும்?” மயிலம்மாள் குரல் உயர்ந்தது. “கழட்டுன அன்னிக்கு விழுந்த நிழல் இது. தங்கம் இறங்குச்சு, நிழல் ஏறுச்சு. அதுக்கு முன்ன எனக்கு வெறும் இருமல்தான். நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் வரலை. இன்னொரு தடவை கழட்டச் சொல்லி, மிச்சத்தையும் வாங்கிக்கிறதுக்கா?”

பேட்ரிசியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். படம் நோயைக் காட்டுமே தவிரக் கொண்டுவராது என்றாள். வீரமலை கெஞ்சினான், அழுதான். அவள் அசையவில்லை. நாட்கள் போயின. இருமலில் ஒரு நாள் ரத்தம் கோடாக வந்தது. அதற்கும் அவள் சுவரைப் பார்த்துச் சாபம்தான் கொடுத்தாள். வீரமலை அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. “நீ அன்னிக்குச் சும்மா இருந்திருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு முழுக்க அழகம்மாள் சாப்பிடவில்லை. நல்ல வார்த்தையாக அவளுக்கு எதுவும் வரவில்லை. வந்தாலும் தன் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தை அந்தப் பக்கம் விஷமாகத்தான் போய்ச் சேரும் என்று தெரிந்தது. மறுநாள் விடிந்ததும் கோழியைத் திறந்துவிட்டு, சுவரோரமாகவே உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

“கேட்டியாடி கோழி? சிறுகாம்பூர்ல ஒரு பொண்ணு பாத்திருக்கேன். வீரமலைக்குத்தான். என்ன நெறம், என்ன முடி! ரெண்டு கறவை மாடு வேற. இவ புரட்டாசி தாண்ட மாட்டா. ஐப்பசியில முகூர்த்தம் வச்சுடலாம். வெத்தலை பாக்கு மாத்த நாளைக்கே ஆள் அனுப்புறேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

“பித்தளை அண்டா இருக்கு, புதுசா வாங்க வேணாம். அரக்குக் கரைச் சேலை இருக்கு, ரெண்டு தடவைதான் கட்டியிருக்கா. அந்தப் பொண்ணுக்கு நல்லா எடுக்கும். அந்தத் தாலியக்கூட உருக்கிப் புதுசாப் பண்ணிடலாம். நல்ல தங்கம், ஜீயபுரத்துத் தங்கம்! வாறவளுக்கு முதல் மாசமே நிக்கும். வளைகாப்புக்கு நான்தான் சந்தனம் பூசுவேன், எவ வந்து தடுக்கிறான்னு பாக்குறேன்.”

“நாசமாப் போற சிறுக்கி!” என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கோழிக்கு இல்லை, ஆட்டுக்கு இல்லை. நேராக அவளுக்கே வந்தது. “என் அண்டா மேல கையை வச்சிப் பாரு! நான் செத்தாத்தானேடி நீ பொண்ணு பாப்ப? சாக மாட்டேண்டி! உன்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் சாவேன்!”

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு மயிலம்மாள் அரக்குக் கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வீரமலை துணிப்பையோடு பின்னால் நின்றான். அவள் கழுத்தில் தங்கத்துக்குக் கீழே மஞ்சள் கயிறும் தயாராக இருந்தது.

திருச்சியிலிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். புற்று என்று வீரமலையிடம் மட்டும் சொன்னார்கள். சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்களாம். வலது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மார்கழிக் கடைசியில் அவள் திரும்பி வந்தாள். விலாவைச் சுற்றி அரை வட்டமாகத் தையல் இருந்தது. உடம்பு பாதி இளைத்திருந்தது. இனி உமிக்கிடங்குக்குப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தெருவில் எல்லாரும் பார்க்க வந்தார்கள். அழகம்மாள் போகவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. சிறுகாம்பூர்ப் பெண் கதையை வீரமலையும் நம்பியிருந்தான். அவன் அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று அழகம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை அம்மாசி கேட்டபோது, “இருந்தா உனக்கென்ன, இல்லாட்டி உனக்கென்ன?” என்று விழுந்தாள்.

தை பிறந்து நாலைந்து நாள் கழித்து மயிலம்மாள் மெல்ல நடந்து கிணற்றடிக்கு வந்தாள். அழகம்மாள் இறைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் குடங்களோடு ஒதுங்கி நின்றார்கள்.

“எம் புருஷனுக்குப் பொண்ணு பாத்தியே, எங்கடி அவ?” என்று மயிலம்மாள் ஆரம்பித்தாள். “அண்டாவுல கையை வைக்கிறேன்னியே, வையி பாப்பம்! எம் புள்ளைய முழுங்கின, எந் தாலியக் கழட்ட வச்ச, எந் நெஞ்சுல பாதியை அறுத்து...”

அங்கே மூச்சு முட்டியது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. நெஞ்சு விசுக் விசுக்கென்று ஏறி இறங்கியது.

அழகம்மாளிடம் பதில் தயாராக இருந்தது. நல்ல பதில், தெருவே கேட்டுச் சிரிக்கும்படியான பதில். அவள் அதைச் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். வாளி பாதிக் கிணற்றில் தொங்கி ஆடியது. மயிலம்மாளின் மூச்சு ஒரு நிலைக்கு வந்து, உதட்டில் நிறம் திரும்பி, அவள் மறுபடி தலையை நிமிர்த்துகிறவரை காத்திருந்தாள்.

பிறகு வாளியை இழுத்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள்.